பச்சை பூதத்துக்கு வயதாகிவிட்டது

மே மாத விடுமுறைக்கு அக்கா மகள் கும்பகோணம் வந்திருந்தாள். 11 வயது. வெயிலில் வெளியே விடமுடியாது, வீட்டுக்குள் வைத்தால் போனைக் கீழே வைக்கமாட்டாள். "அனிமேஷன்ல ஆஸ்கர் வாங்கின படமெல்லாம் வரிசையா பாக்கலாமா மாமா?" என்று அவளாகத்தான் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருபது வருடம் முன்னால் அனிமேஷன் படித்துவிட்டு இன்று கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருப்பவனிடம் ஒரு குழந்தை கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி அது.

சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கு என்று ஆஸ்கரில் தனிப் பிரிவு வந்தது 2002 மார்ச்சில்தான், 2001இல் வெளியான படங்களுக்காக. 2025 வரை மொத்தம் 24 படங்கள். எல்லாவற்றையும் பார்க்கவில்லை. பத்துப் படம் பார்த்திருப்போம். நடுநடுவே விருது வாங்காததையும் நான் திருட்டுத்தனமாகச் சொருகினேன்.

முதல் நாள் ஷ்ரெக். அந்தப் பிரிவின் முதல் விருது அதற்குத்தான். பச்சை பூதம் கதைப்புத்தகத்தின் தாளைக் கிழித்துத் துடைத்துப் போட்டுவிட்டுக் கழிவறையிலிருந்து வெளியே வருகிற ஆரம்பக் காட்சியை, நான் முதன்முதலில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில், கீறல் விழுந்த சிடியில் பார்த்துச் சிரித்து மாய்ந்தேன். இவள் பத்து நிமிடம் அமைதியாகப் பார்த்தாள். அப்புறம், "என்ன மாமா, பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கு?" என்றாள்.

கழுதை வந்ததும் சிரித்தாள். இஞ்சி பிஸ்கட் மனிதனுக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். மனிதர்கள் வரும்போதுதான் முகம் மாறியது. இளவரசி ஃபியோனா காட்டில் ராபின் ஹூட் கும்பலை அடிக்கும்போது அந்தரத்தில் அப்படியே நிற்பாள், கேமரா சுற்றிவரும். "ஏன் அந்த அக்கா காத்துல நின்னுட்டாங்க? ஹேங் ஆயிடுச்சா?" நான் மேட்ரிக்ஸ் என்று ஒரு படம் 1999இல் வந்ததையும், அதில் இப்படி ஒரு உத்தி இருந்ததையும், அதைக் கிண்டல் செய்துதான் இது என்பதையும் விளக்கி முடிப்பதற்குள் காட்சி போய்விட்டது. ஜோக்கை விளக்குவது ஆறின காபியைச் சுடவைத்துக் குடிப்பது மாதிரி.

அந்த வருடம் ஷ்ரெக்கிடம் தோற்ற படம் மான்ஸ்டர்ஸ் இங்க். அடுத்த நாள் அதைப் போட்டேன். சல்லி என்கிற அந்த நீல ராட்சசனின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேல் முடிகள். நடந்தால் ஆடும். பனிமலைக் காட்சியில் அந்த முடிகளின் மேல் பனி வந்து ஒட்டும். 2001இல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கடைசியில் உடைந்த கதவைச் சில்லு சில்லாக ஒட்டவைத்து, சல்லி மெல்லத் திறந்து எட்டிப்பார்க்க, உள்ளேயிருந்து ஒரு மழலைக் குரல் வரும். அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டவே மாட்டார்கள். சல்லியின் முகம் மட்டும் மெல்ல மலரும். படம் முடிந்துவிடும். அக்கா மகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டால் கண்ணில் தூசி என்றாள்.

சரி, அப்படியானால் 2002இல் ஆஸ்கர்காரர்கள் தப்பு செய்துவிட்டார்களா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஷ்ரெக் அந்த நேரத்தில் ஒரு கலகம். டிஸ்னியிலிருந்து 1994இல் வெளியே வந்த ஜெஃப்ரி கட்ஸன்பெர்க், ஸ்பீல்பெர்க்குடனும் டேவிட் கெஃபனுடனும் சேர்ந்து ட்ரீம்வொர்க்ஸைத் தொடங்கி, தேவதைக் கதைகளையெல்லாம் சேற்றில் உருட்டி எடுத்த படம் அது. கேன்ஸ் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. அந்த வருடத்துச் சூட்டில் அதைக் கையில் எடுத்தவனுக்கு இனித்திருக்கும். கலகத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. எதை எதிர்த்ததோ அது மறைந்துபோனால் இதுவும் சேர்ந்து வெளிறிவிடும். இன்றைய குழந்தைக்குத் தேவதைக் கதையே முதலில் கிண்டலாகத்தான் அறிமுகமாகிறது. அவளுக்கு ஷ்ரெக்கில் அதிர்ச்சி என்ன இருக்கிறது?

மான்ஸ்டர்ஸ் இங்க்குக்கு அன்றைக்குக் கிடைத்தது பாட்டுக்கான ஆஸ்கர். அந்தப் பாட்டைப் போட்ட ராண்டி நியூமன் அதற்குமுன் 15 முறை பரிந்துரைக்கப்பட்டு 15 முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். பதினாறாவது முறை கிடைத்தது. இந்தத் தகவலைச் சொன்னபோது, "பாவம், எத்தனை தடவை கோட்டு போட்டுக்கிட்டுப் போயிருப்பார்" என்றாள்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2004இல் சென்னை வடபழனியில் ஒரு அனிமேஷன் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. வேலை நிச்சயம் என்று விளம்பரத்தில் இருந்தது. சேர்ந்த பிறகு பார்த்தால், நிச்சயம் என்பது அந்த விளம்பரத்தில் மட்டும்தான். ஆனால் அங்கே இருந்த ஒரு வாத்தியார் நல்லவர். முதல் ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. பந்து குதிப்பதை மட்டும் தாளில் வரையச் சொன்னார். "தரையில படும்போது நசுக்கு, எழும்பும்போது இழு. உச்சியில போனதும் கொஞ்ச நேரம் நிக்கவிடு. ரப்பர் பந்தா இரும்பு குண்டான்னு பாக்கிறவனுக்குத் தெரியணும்." கலர் கிடையாது, நிழல் கிடையாது, ஒரு வட்டம்தான். அந்த வட்டத்துக்கு எடை வந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் கிடைத்த வேலை ரோட்டோ. நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு வெட்டி எடுக்கும் வேலை. ஒன்றரை வருடம் விதவிதமான நடிகர்களின் தலைமுடி ஓரத்திலேயே காலம் கழிந்தது. கழுத்து வலியோடு ஊருக்குத் திரும்பினேன்.

அந்த வாத்தியார் சொன்ன இன்னொன்று இப்போது டாய் ஸ்டோரியைப் போட்டபோது ஞாபகம் வந்தது. (ஆஸ்கர் பட்டியலில் அது வராது. 1995இல் இந்தப் பிரிவே இல்லை. இயக்குநர் ஜான் லாசெட்டருக்கு ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.) "அவங்க ஏன் பொம்மைக் கதையை எடுத்தாங்க தெரியுமா? அன்னிக்குக் கம்ப்யூட்டருக்கு வரைய வந்தது பிளாஸ்டிக் மட்டும்தான்." அதுதான் விஷயம். தோலும் முடியும் துணியும் கைக்கு வராத காலத்தில், உடம்பெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கிறவர்களையே கதாநாயகர்களாக வைத்துவிட்டார்கள். அதனால் 30 வருடம் கழித்தும் விண்வெளி வீரர் பொம்மையான பஸ் லைட்இயர் பளபளவென்று இருக்கிறார், ஏனென்றால் அவர் பளபளவென்று இருக்கவேண்டியவர். பக்கத்து வீட்டுப் பையனின் நாயையும், பொம்மைகளுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டியின் முகத்தையும் பாருங்கள், பயமாக இருக்கும். அக்கா மகள் ஆண்டியைப் பார்த்து, "இந்தப் பையன்தான் மாமா பொம்மை மாதிரி இருக்கான்" என்றாள். ஒரே படத்துக்குள் பாதிக்கு வயதாகி, பாதி இளமையாகவே இருக்கிறது.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த நோயும் இல்லை. 1937இல் வந்த ஸ்னோ ஒயிட்டில் இளவரசியையும் இளவரசனையும் நிஜ மனிதர்களின் அளவுக்கு ஒழுங்காக வரைய, ஆட்களை நடிக்கவைத்துப் படம் பிடித்து அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ஏழு குள்ளர்களை மனம்போனபடி வரைந்தார்கள். இன்று பார்த்தால் இளவரசன் கடை வாசல் பொம்மை. குள்ளர்கள் இப்போதுகூட நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் போலிருக்கிறது. அந்தப் படத்துக்கு 1939இல் வால்ட் டிஸ்னிக்குக் கொடுத்தது ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும். விருது கொடுக்கும் விஷயத்தில் அந்த அகாடமி செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். குள்ளர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்கள், இளவரசனுக்குக் கிடையாது.

நிஜம் மாதிரியே செய்கிறேன் என்று கிளம்புவது எவ்வளவு சீக்கிரம் ஊசிப்போகும் என்பதற்கு நான் ஹாலிவுட் வரை போகவேண்டியதில்லை, கடை அலமாரியே போதும். 2008இல் நான் செய்த ஒரு கரிஷ்மா கல்யாண ஆல்பத்தைப் போன மாதம் அந்தத் தம்பதி எடுத்து வந்தார்கள். மகளுக்கு மஞ்சள் நீராட்டு, அதற்கு ஆல்பம் போடவேண்டும், பழசைக் காட்டி "இப்படி மட்டும் வேண்டாம்" என்று சொல்ல வந்திருந்தார்கள். மணமக்களுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து பனிமலை. பட்டுப்புடவை, மாலை, பின்னால் பனி. முகத்தை வழித்து வழித்து ஒரு பரு, ஒரு அம்மைத் தழும்பு விடாமல் துடைத்திருக்கிறேன். மூக்கின் ஓரத்து மடிப்புகூட இல்லை. அன்று மாமியார்காரி "சினிமா ஸ்டார் மாதிரி இருக்கா" என்று கூடுதலாக 500 ரூபாய் கொடுத்தார். இன்று மூன்று பேரும் அதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தோம். ஓரத்தில் ஒரு பாட்டி, வெற்றிலை மென்றபடி, பந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்று. அவசரத்தில் அதில் நான் கைவைக்கவே இல்லை. பாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறதாம். அதைத்தான் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கேட்டார்கள்.

சினிமாவிலும் இதே கதைதான். நான் ரஜினி ரசிகன், அதனால் சொல்ல உரிமை இருக்கிறது. 2014இல் கோச்சடையான் முதல் நாள் முதல் காட்சி பார்த்தேன். நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து அப்படியே உருவங்களுக்கு ஏற்றும் தொழில்நுட்பம். 2009இல் காலமான நாகேஷையும் திரும்ப நடமாடவைத்திருந்தார்கள். நாகேஷ் என்றால் என்ன? அந்த உடம்பில் ஓடும் மின்சாரம்தான். அது அந்த உருவத்தில் இல்லை. முகம் இருந்தது, நாகேஷ் இல்லை. அன்றைக்கே தியேட்டரில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனத்தது. இப்போது போட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.

அதே கண்ணோடு 2025 ஜனவரியில் சென்னைக்குப் போனபோது ஜப்பானியர் யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து 1992இல் கையால் வரைந்து முடித்த ராமாயணத்தைப் பெரிய திரையில் பார்த்தேன். தமிழ் டப்பிங்கோடு திரும்ப வெளியிட்டிருந்தார்கள். கோச்சடையானைவிட 22 வருடம் மூத்த படம். கும்பகர்ணன் எழுந்து நடக்கும்போது என் முன்வரிசையில் இருந்த பையன் அப்பாவின் மடிக்குத் தாவினான். வரைந்த காட்டுக்கு வயதே ஆகவில்லை. அந்தப் படம் ஒரு ஆஸ்கர் மேடைக்கும் போனதில்லை.

மறுபடி எங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இரண்டாவது வருட விருது, 2003இல், ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே படத்துக்கு. இதை மட்டும் நான் பேசாமல் போட்டேன். தாய் தந்தை பன்றியாகிவிட, தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட பத்து வயதுப் பெண் சிஹிரோ. ஒரு பையன் அவளிடம் சோற்று உருண்டையை நீட்டி, சாப்பிடு, தெம்பு வரும் என்பான். வேண்டாம் என்பாள். அப்புறம் ஒரு கடி. இன்னொரு கடி. வாய் நிறையச் சோற்றோடு அழ ஆரம்பிப்பாள். கண்ணீர் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டு விழும். எந்த மனிதக் கண்ணிலிருந்தும் அவ்வளவு பெரிய துளி விழாது. ஆனால் பசியோடு இருக்கும்போது யாராவது அன்பாக ஒரு வாய் கொடுத்தால் வரும் அழுகை அவ்வளவு பெரிதுதான். ரோட்டோ போட்டு, அளவெடுத்து வரைந்திருந்தால் அந்தத் துளி கடுகளவு வந்திருக்கும். அக்கா மகள் எதுவும் கேட்கவில்லை. படம் முடிந்து அரைமணி கழித்து, "பாட்டி, எனக்குத் தயிர்சாதம் உருட்டிக் கையில கொடு" என்று அடுப்படியிலிருந்து குரல் கேட்டது.

அந்த விருதை வாங்க மியாசாகி போகவில்லை. ஈராக்கில் குண்டு போடும் நாட்டுக்குப் போக விருப்பமில்லை என்பதுதான் காரணம் என்று பல வருடம் கழித்துச் சொன்னார். 2024இல் இரண்டாவது முறை கிடைத்தபோதும் போகவில்லை, அப்போது 83 வயது.

நடுவில் வந்த வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். ரோபோ வால்-ஈ அப்படியே இருக்கிறது. அதன் கண்கள் ஒரு பைனாகுலர், அவ்வளவுதான், அதற்கு எப்படி வயதாகும்? பிரேவ் படத்துக்கு விருது கொடுத்தது கதைக்கா, கதாநாயகியின் சுருட்டை முடிக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஸ்பைடர்மேன் படமான ஸ்பைடர்வெர்ஸ் பார்க்கும்போது மட்டும் நான் வாத்தியாராகிவிட்டேன். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம். அனுபவமுள்ள பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அசைகிறான், கற்றுக்குட்டி மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் அசைகிறான். காட்டில் இரண்டு பேரும் சேர்ந்து வலைநூலில் ஊசலாடிப் போகும்போது மைல்ஸ் தடுமாறுவதாக நமக்குத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். "படத்தைப் பாக்க விடுங்க மாமா" என்று திட்டு வாங்கினேன்.

எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை வந்தது 2015ஆம் வருட விருதில். ஜெயித்தது பிக் ஹீரோ 6. தோற்றவற்றில் ஒன்று ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹதாவின் இளவரசி ககுயாவின் கதை. அந்த மனிதருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை அது. 2018இல் போய்விட்டார். பத்து வருடமாக இந்த ஆத்திரத்தை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் அகாடமி உறுப்பினர் யாரும் இறுதி வாக்கைப் போடலாம், போட்டியில் இருக்கும் ஐந்து படங்களையும் பார்த்திருக்கவேண்டும் என்று கட்டாயமே இல்லை. எல்லாவற்றையும் பார்த்தவர்தான் வாக்களிக்கலாம் என்ற விதியை 2025 ஏப்ரலில்தான் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததோ, எந்த நிறுவனத்தின் பெயர் காதில் விழுந்ததோ, அதற்கு ஒரு குத்து. அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் வயிற்றெரிச்சல். நிரூபிக்க முடியாது.

ஆனால் அவளுக்கு பிக் ஹீரோ 6இல் வரும் பேமேக்ஸ்தான் பிடித்தது. அந்த வெள்ளை பலூன் ரோபோ காற்று இறங்கித் தள்ளாடும் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். வெறும் பலூன், முகத்தில் இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. என் வாத்தியாரின் பந்துதான். யோசித்துப் பார்த்தால் அதற்கும் வயதாகாது போலிருக்கிறது. என் ஆத்திரத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

2025ஆம் வருட விருது ஃப்ளோ. லாட்வியாவின் முதல் ஆஸ்கர். ஒரு பூனை, வெள்ளம், ஒரு படகு, பேச்சே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் செய்தது. வளையலை அடகு வைத்தவன் என்ற முறையில் இந்தத் தகவல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பூனையின் ரோமத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தூரிகையால் இழுத்துவிட்டது மாதிரித் திட்டுத்திட்டாக இருக்கும். நிழல்கள் சில இடத்தில் கேம் மாதிரிதான். ஆனால் குதிக்கும்முன் அந்தப் பூனை பின்னங்காலை இரண்டுமுறை சரிசெய்துகொள்கிறதே, அதை எங்கள் வீட்டு மாடிச் சுவரில் தினமும் பார்க்கிறேன். இருபது வருடம் கழித்து என்ன ஆகும்? அக்கா மகளுக்கு அப்போது 31 வயது, அவள் சொல்லட்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ககுயாவைப் போட்டேன். ஒரு மணி நேரம் சுமாராகத்தான் பார்த்தாள். நடுவில் பாட்டியோடு அவரைக்காய் வேறு ஆய்ந்தாள். விருந்தில் குடித்தவர்கள் தன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது காதில் விழுந்து, ககுயா கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடுகிற இடம் வந்தது. அதுவரை மெல்லிய நீர்வண்ணமாக இருந்த படம் திடீரென்று கரிக்கோடாக மாறும். மேலே போட்டிருந்த பட்டு அடுக்கடுக்காகக் கழன்று பின்னால் விழும். முகம் போய்விடும், கைகால் போய்விடும், நிலா வெளிச்சத்தில் ஒரு கிறுக்கல் ஓடிக்கொண்டிருக்கும்.

அவரைக்காய் கையிலேயே நின்றது. ரிமோட்டை அவளே எடுத்து நிறுத்தினாள். ஒரு ஃபிரேம் முன்னால், ஒரு ஃபிரேம் பின்னால்.

"காலே வரையல மாமா. வெறும் கோடு."

"ஆமா."

"ஆனா ஓடுறாங்களே."

பேமேக்ஸா இதுவா என்று கேட்காமல் என்னால் இருக்கமுடியவில்லை. கொஞ்சம்கூட யோசிக்காமல் பேமேக்ஸ் என்றாள். அப்புறம், "இந்த ஓடுறதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டேன்.